இரண்டடித் தொட்டியில் யாரோடு யாரைச் சேர்ப்பது? முதல் முறை மீன் வளர்ப்பவர்களுக்கு

மீன்தொட்டி வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மதியத்துக்குள் தொட்டி, கூழாங்கல், ஃபில்டர், பத்துப் பன்னிரண்டு மீன் எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிடும். அடுத்த ஞாயிறு வருவதற்குள் பாதி மீன் செத்துப்போயிருக்கும். மிச்சமிருப்பதில் ஒன்றுக்கு வால் இருக்காது. 'எங்க வீட்டுக்கு மீன் ராசியில்லை' என்று தொட்டியைக் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்துவிடுவார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மீனைப் பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கினோம். அது வாழப்போகிற தண்ணீரைப் பற்றியும், கூட இருக்கப்போகிற மீன்களைப் பற்றியும் அப்புறம்தான் யோசித்தோம். வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும். முதலில் வீட்டுத் தண்ணீர், பிறகு தொட்டி, பிறகு காகிதத்தில் எழுதிய பட்டியல், கடைசியில்தான் கடை.

என் முதல் தொட்டியில் ஆறு நியான் டெட்ராவும் இரண்டு குட்டி ஏஞ்சலும் விட்டேன். இரண்டும் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தவை, ஒரே ஊர்க்காரர்கள் ஒத்துப்போவார்கள் என்று நம்பினேன். நான்கு மாதத்தில் ஏஞ்சல் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது. நியான் ஆறு ஐந்தானது, ஐந்து மூன்றானது. செத்த மீன் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஒரே ஆற்றில் வாழ்வதால் இரண்டும் நண்பர்கள் ஆகிவிடாது, அங்கேயும் ஒன்று இன்னொன்றுக்கு இரைதான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. நீங்கள் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சென்னையில் இருக்கிறேன். அதனால் இங்கே சொல்வதெல்லாம் சென்னை மாதிரியான வெயிலுக்கும் தண்ணீருக்கும், இரண்டடித் தொட்டிக்கும் பொருந்தும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் வெப்பநிலை பற்றிச் சொல்வதை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் வீட்டுக்கு வருவது போர் தண்ணீரா, மெட்ரோ வாட்டரா, லாரித் தண்ணீரா? குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிகிறதா? சோப்பு சரியாக நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் அது கடினத் தண்ணீர், கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். அது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும், கடினத்தன்மையை மட்டும் தனியாகக் காட்டாது. ஆனாலும் 150 காட்டும் தண்ணீரும் 900 காட்டும் தண்ணீரும் ஒன்றல்ல என்பது உடனே புரிந்துவிடும். என் வீட்டுப் போர் தண்ணீர் 900-ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

இதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். கடினத் தண்ணீர் கெட்ட தண்ணீர் இல்லை, அதற்கென்றே பிறந்த மீன்கள் இருக்கின்றன. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் என்று குட்டி போடும் மீன்கள் எல்லாமே உப்பும் சுண்ணாம்பும் கொஞ்சம் தூக்கலான தண்ணீரில்தான் செழிப்பாக இருக்கும். மோலி உவர்நீரில்கூட வாழும். நியான், கார்டினல், டிஸ்கஸ் போன்றவை மென்மையான, லேசான அமிலத்தன்மை உள்ள தண்ணீர்க்காரர்கள். போர் தண்ணீரில் நியானை விட்டுவிட்டு ஏன் மெலிகிறது, ஏன் நிறம் மங்குகிறது என்று மருந்து தேடுவதைவிட, அந்த இடத்தில் பிளாட்டியை விடுவது எவ்வளவோ நல்லது.

சிலர் ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றிவிடுவார்கள். அது தவறு. ஆர்.ஓ. தண்ணீரில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லாமல் போய்விடுவதால் பி.எச். அளவு நிலையாக நிற்காது, திடீரென்று சரியும். மென்மையான தண்ணீர் வேண்டுமென்றால் போர் தண்ணீரோடு கலந்து, ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் ஊற்ற வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு அந்த வேலை வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டில் வருகிற தண்ணீருக்குப் பொருத்தமான மீனைத் தேடுங்கள்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும். கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் தருவார்கள். போத்தலில் எழுதியுள்ள அளவு சொட்டுகளை விட்ட பிறகுதான் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

வெயில்

மே மாதத்தில் என் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போய்விடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், மீனுக்கோ சூட்டில் கூடுதலாகத் தேவைப்படும். அதனால் சென்னையில் ஹீட்டரை விட முக்கியம் தண்ணீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருப்பது. மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். தொட்டி வாங்கும் அன்றே வாங்குங்கள்.

கோல்டு ஃபிஷ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் கை நீட்டுவது அதை நோக்கித்தான். அது குளிர்ந்த தண்ணீர் மீன். 20 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் சுகமாக இருப்பது. நன்றாக வளர்த்தால் 15, 20 செ.மீ. வரை வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும், அதற்கேற்றபடி கழிவும் நிறைய வெளியேற்றும். நம் ஊர் வெயிலில், இரண்டடித் தொட்டியில், கப்பிகளோடு அதைச் சேர்த்து விட்டால் இரு தரப்புக்கும் துன்பம்தான். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைக் கோல்டு ஃபிஷ் வைப்பதைப் பற்றி நான் பேசக்கூட விரும்பவில்லை. தயவுசெய்து வேண்டாம்.

தொட்டி எத்தனை லிட்டர்?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 60 × 30 × 30, அதாவது 54 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக உண்மையில் 45 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து எடை எங்கே போகும் என்று யோசித்து உறுதியான மேஜையில் வையுங்கள்.

லிட்டருக்கு ஒரு செ.மீ. மீன் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். சின்ன, ஒல்லியான மீன்களுக்கு அது ஓரளவு சரி. ஆனால் 30 செ.மீ. ஆஸ்கர் ஒன்றும் 3 செ.மீ. டெட்ரா பத்தும் ஒன்றாகிவிடாது. ஆஸ்கரின் உடல் கனமும் அது போடும் கழிவும் பல மடங்கு அதிகம். அந்தக் கணக்கைக் கொண்டு பெரிய மீனுக்கு அளவு பார்க்காதீர்கள்.

மீனே இல்லாமல் ஒரு மாதம்

இந்தக் கட்டத்தில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அளவோடு இருந்தால் ஆபத்தில்லை, வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் முதல் வாரத்திலேயே மீன் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தொட்டியை அமைத்து, ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். ஏற்கெனவே மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால் அவர் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். ஆறு வாரம் இரண்டு, மூன்றாகக் குறையக்கூடும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார். பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அத்தனை பாக்டீரியாவும் குளோரினில் போய்விடும்.

இந்த ஒரு மாதம் வீணாகப் போவதில்லை. பட்டியல் போட இதுதான் நேரம்.

பட்டியல் போடும்போது

ஒவ்வொரு மீனுக்கும் நான் முதலில் கேட்பது: வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும்? கடையில் இருப்பவை எல்லாம் குஞ்சுகள். ஷார்க் என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளி நிறக் கெளுத்தி, சாப்பாட்டுக்காகக் குளங்களில் வளர்க்கும் பங்காசியஸ் வகைதான். அது ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. பாலா ஷார்க் ஓரடி ஆகும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித் தரும் சக்கர் மீன் ஓரடியைத் தாண்டி ஒன்றரை அடி வரைகூடப் போகும். அது பாசியை ஓரளவு தின்னும், ஆனால் தின்பதைவிட அதிகமாகக் கழிவு போடும். தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று ஒன்று கிடையாது. அது உங்கள் வேலை.

அடுத்து, வாய். மீனுக்கு நல்லவன் கெட்டவன் என்ற பேச்சு இல்லை. வாயில் நுழைவது இரை, அவ்வளவுதான். வளர்ந்த ஏஞ்சல் வாயில் நியான் நுழையும். கப்பிக் குட்டி எந்த மீன் வாயிலும் நுழையும், தாயின் வாயிலும்கூட.

குணம் மூன்றாவது. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃபைட்டர் ஆண்கள் இரண்டை ஒன்றாக விடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நீளமான, பளபளப்பான வாலுள்ள ஆண் கப்பியை ஃபைட்டர் தன் எதிரி என்று நினைத்துப் பாயலாம் என்பது பலருக்குத் தெரியாது. டைகர் பார்ப் வேறு மாதிரி. அதற்கு வால் கடிக்கும் பழக்கம் உண்டு. ஏஞ்சல், கப்பி, கோல்டு ஃபிஷ், ஃபைட்டர் என்று தொங்கும் துடுப்பு எதைக் கண்டாலும் கொத்தும். எட்டுப் பத்தாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு மற்றவற்றை ஓரளவு விட்டுவிடும். இரண்டு மூன்றாக விட்டால் அடுத்தவன் வால்தான் பலி. கறுப்பு விடோ டெட்ராவுக்கும் இந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு. ஃப்ளவர்ஹார்னைத் தனித் தொட்டியில் மட்டுமே வைக்க முடியும், அதோடு யாரையும் சேர்க்கும் யோசனையே வேண்டாம்.

கூட்டமாக வாழும் மீனைக் கூட்டமாகவே வாங்குங்கள். டெட்ரா, டேனியோ, பார்ப், கோரிடோராஸ் எல்லாம் குறைந்தது ஆறு இருந்தால்தான் பயமில்லாமல் வெளியே வரும். வகைக்கு ஒரு ஜோடி என்று ஏழெட்டு வகை வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பார்க்க வண்ணமயமாகத் தோன்றும், ஆனால் அத்தனை மீனும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். 45 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு வகை போதும், மூன்று தாராளம்.

நீரின் எந்த மட்டத்தில் நீந்தும் என்பதையும் பாருங்கள். டேனியோ மேலே, பிளாட்டியும் பார்பும் நடுவில், கோரிடோராஸ் அடியில். மூன்று தளம் உள்ள வீடு மாதிரி பங்கிட்டால் நெரிசல் குறையும்.

நான் பரிந்துரைக்கும் கூட்டணிகள்

போர் தண்ணீர் வீடுகளுக்கு என் முதல் தேர்வு: ஆண் கப்பி ஆறு, ஆண் பிளாட்டி ஐந்து, நெரைட் நத்தை இரண்டு. கொசுப்புழுவைத் தின்னக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடும் அதே கப்பிதான், அவ்வளவு தாக்குப்பிடிக்கும். ஏன் ஆண் மட்டும் என்றால், ஒரு பெண் கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆணின் விந்தைப் பல மாதம் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்வதால், ஆணே இல்லாத தொட்டியிலும் குட்டி பிறக்கும். பாதி வருஷத்தில் தொட்டி நிரம்பிவிடும். குட்டிகளைப் பார்க்க ஆசை இருந்தால், ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் விடுங்கள். இல்லாவிட்டால் ஆண்கள் ஒரே பெண்ணை ஓய்வில்லாமல் துரத்தி நோகடித்துவிடும். நெரைட் நத்தை முட்டையிடும், ஆனால் அது நன்னீரில் பொரிக்காது என்பதால் பெருகும் கவலை இல்லை. கடினத் தண்ணீரில் அதன் ஓடும் உறுதியாக இருக்கும்.

தண்ணீர் மிதமானது என்றால்: ஜீப்ரா டேனியோ ஏழு, செர்ரி பார்ப் ஆறு. எனக்கு மிகவும் பிடித்த கூட்டணி இது. ஜீப்ரா கங்கைச் சமவெளியைச் சேர்ந்தது, உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுவதும் இதே மீன்தான். செர்ரி பார்ப் இலங்கையின் தென்மேற்கு ஓடைகளைச் சேர்ந்தது. அங்கே நிழலான ஓடைகளில் வாழும் மீன் என்பதால் தொட்டியிலும் மேலே மிதக்கும் செடி கொஞ்சம் இருந்தால் ஆணின் சிவப்பு அப்படியே தீயாக ஏறும். ஜீப்ரா துள்ளிக் குதிக்கும், மூடி அவசியம்.

வெயிலை நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு ஹனி கோராமி ஒரு ஜோடியோடு செர்ரி பார்ப் ஆறு. கோராமிக்கும் ஃபைட்டருக்கும் செவுளோடு கூடவே காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும். அதற்காகத் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கோராமி என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். ஜெயன்ட் கோராமி இரண்டடி வளரும், கிஸ்ஸிங் கோராமி ஓரடி.

ஃபைட்டர்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு ஆண், கீழே கோரிடோராஸ் ஆறு, நைசான மணல் தரை. கோரிடோராஸ் மீசையால் தரையைத் துழாவி உண்ணும். கூர்மையான கல்லில் அந்த மீசை தேய்ந்து புண்ணாகிவிடும். மே மாதச் சூடு கோரிடோராஸுக்கு அதிகம் என்பதால், வெயில் வராத அறையில் தொட்டி இருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்வேன்.

கடையில்

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. வண்ண மீன் பண்ணைகளும் கடைகளும் வரிசையாக உள்ள இடம். அருகிலேயே வளர்ந்த மீனுக்கு நம் தண்ணீர் பழகியிருக்கும் என்பது பெரிய வசதி. எந்த ஊர்க் கடையாக இருந்தாலும் முதலில் ஐந்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். தொட்டியில் செத்த மீன் மிதக்கிறதா? துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறதா? மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்குகிறதா? உடம்பில் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் உண்டா? ஒரு மீனுக்கு இருந்தாலும் அந்தத் தொட்டி மீன் எதுவும் வேண்டாம். உங்கள் கண் முன்னால் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்னும் மீனை வாங்குங்கள்.

இயற்கையில் இல்லாத ஊதா, பச்சை நிறங்களில் விற்கும் மீன்கள் சிலவற்றுக்கு ஊசியால் சாயம் ஏற்றியிருப்பார்கள். நம் நாட்டு ஓடைகளில் இருக்கும் கண்ணாடி மீனுக்கே இதைச் செய்கிறார்கள். சில மாதத்தில் நிறம் போய்விடும், மீனும் பலவீனப்பட்டிருக்கும். அதை வாங்காமல் இருப்பது நாம் செய்யக்கூடிய சின்ன உதவி.

பட்டியலில் இல்லாத மீன் அழகாகத் தெரிந்தால் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். விற்பவர் 'எல்லாம் சேர்ந்து இருக்கும்' என்று சொன்னால், 'வளர்ந்தபின் எத்தனை இன்ச்?' என்று திருப்பிக் கேளுங்கள்.

தொட்டியில் விடும் நாள்

எல்லா மீனையும் ஒரே நாளில் விடாதீர்கள். பாக்டீரியா தன்னிடம் வரும் கழிவின் அளவுக்குத்தான் பெருகியிருக்கும். முதலில் ஒரு வகை, இரண்டு வாரம் கழித்து அடுத்த வகை. சாதுவானதை முதலில் விடுங்கள், இடத்துக்குச் சண்டை போடும் குணமுள்ள ஃபைட்டர், கோராமி போன்றவற்றைக் கடைசியில். முதலில் வந்த முரடன் தொட்டி முழுவதையும் தன் வீடாக்கிக்கொள்வான், பின்னால் வருகிறவனை நிற்கவிடமாட்டான்.

பையை இருபது நிமிஷம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். பிறகு பையைத் திறந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் வீதம் தொட்டித் தண்ணீரை மூன்று நான்கு முறை ஊற்றுங்கள். கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள். அன்று இரவு விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம். இரண்டாவது முறை வாங்கும் மீன்களைத் தனி டப்பாவில், சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. வெள்ளைப்புள்ளி நோய் ஒரு மீனோடு வந்தால் தொட்டி முழுவதும் பரவும்.

முதல் மாதம் தினமும் தீனி நேரத்தில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஒரு மீன் எப்போதும் மூலையில் ஒதுங்கினால், வால் ஓரம் கிழிந்திருந்தால், தீனிக்கு வராமல் இருந்தால், யாரோ அதைத் துரத்துகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கவனித்தால் யார் என்று தெரியும். செடிகளையும் கற்களையும் இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லைகள் குழம்பிச் சில நேரம் சண்டை அடங்கும். அடங்காவிட்டால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

பிரித்த மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், பணம் கிடைக்காவிட்டாலும் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம். பக்கத்து ஏரியிலோ கோயில் குளத்திலோ மட்டும் விடாதீர்கள். இப்படி விடப்பட்ட சக்கர் மீன் இன்று தென்னிந்தியாவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகி, முள்ளால் மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கும்போதே அந்தக் கடைக்காரரிடம், ஒத்துப்போகாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.